ஒரு வீடு, ஒரு கணினி, ஆறு பேர்: சாவி யாரிடம்?



ரவாங் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? ஈயச் சுரங்கம், ரயில் நிலையம், பால்மரக் காடு, பிறகு வந்த செம்பனை, இன்று எங்கு பார்த்தாலும் வீடமைப்புப் பகுதிகள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலாயாவில் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவு ரவாங்கைப் பற்றியதுதான். 1894-ஆம் ஆண்டில் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கென மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். சுரங்கத்தில் ஊறிய நீரை இறைக்க அந்த மின்சாரம் உதவியது.

அன்று சுரங்கத்துக்கு உழைத்த மின்சாரம் இன்று ரவாங்கிலும் செரண்டாவிலும் குவாங்கிலும் நம் வீட்டுக் கணினிக்கு உழைக்கிறது. தோட்ட வீடானாலும் அடுக்குமாடியானாலும், பல குடும்பங்களில் கணினி ஒன்றுதான். அதைத் தொடும் கைகளோ பல. அந்தக் கணினிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

மூத்த மகளின் எஸ்.பி.எம். சான்றிதழ்ப் பிரதி இருக்கிறது. மேற்படிப்புக்கு அவள் எழுதி வைத்திருக்கும் விண்ணப்பக் கடிதம் இருக்கிறது. அப்பாவின் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும், இறந்துபோன தாத்தாவின் படமும் இருக்கின்றன. அவற்றோடு சின்னவனின் விளையாட்டும் இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில், எல்லாருக்கும் திறந்தபடி. எந்தக் கை எதை அழித்தாலும் கேட்பாரில்லை!

இதைச் சரிசெய்யப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கணினியிலேயே பூட்டும் சாவியும் இருக்கின்றன. எந்தக் கோப்பை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்று நாமே வகுத்து வைக்கலாம். இதற்குக் ‘கோப்பு அனுமதி’ என்று பெயர். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தகரப் பெட்டிக்கு இருந்த காவல்

லயத்து வீட்டில் கதவடைத்துக்கொள்ளத் தனி அறை ஏது? ஆனாலும் ஒரு தகரப் பெட்டி இருந்தது. சூராட் பிரானாக், அடையாளக் கார்டு, அடகுச் சீட்டு, தாலிக்கொடி எல்லாம் அதற்குள் இருந்தன. சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது. பிள்ளைகள் கேட்டால் அம்மா திறந்து காட்டுவார். எடுத்துக்கொண்டு போக விடமாட்டார். ‘பார்க்கலாம், தொடக்கூடாது’ என்ற சட்டம் நம் வீடுகளில் அன்றே இருந்தது.

இன்று அந்தப் பெட்டியில் இருந்தவற்றின் பிரதிகள் கணினிக்குள் போய்விட்டன. சாவி மட்டும் போகவில்லை. கணினி வாங்கிய அன்று கடைக்காரர் வைத்துக்கொடுத்த ஒரே கணக்கில் வீடே நுழைகிறது. அந்த ஒரே கணக்குப் பெரும்பாலும் ‘நிர்வாகி’ கணக்காகவே இருக்கும். ஏழு வயதுப் பையன் விளையாட உட்காரும்போதும் அவன் கையில் முழு வீட்டின் சாவிக்கொத்து!

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் சிக்கல் புதிதல்ல. 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்ற அறிஞரின் குழுவினர், பலர் ஒரே காலத்தில் பயன்படுத்தக்கூடிய ஒரு கணினி அமைப்பை இயக்கிக் காட்டினர். ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்துக் கோப்புகளைத் தனித்தனியே காக்கும் முறை அங்கேதான் வேரூன்றியது. பூட்டு வந்ததும் பூட்டை ஏமாற்றும் வேலையும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்தில் ஒதுக்கிய நேரம் போதவில்லை. 1962-இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டார்!

அதே கணினியில் 1960களின் நடுப்பகுதியில் இன்னொன்று நடந்தது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். மற்றவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்தினார். கணினியோ இரண்டு வேலைக்கும் ஒரே பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை வைத்துக்கொண்டது. விளைவு? அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொல்லும் எல்லார் கண்ணிலும் பட்டன.

படித்த மேதைகள் கூடியிருந்த இடத்திலேயே இப்படி! அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில், ஒரே கோப்புறையில், ‘கட்டுரை’ என்ற ஒரே பெயரில் தத்தம் வீட்டுப்பாடத்தைச் சேமித்தால் என்ன ஆகும்? ஒருவருடையது போயே போய்விடும்.

செக்ரோலை யார் எழுதலாம்?

அனுமதி என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேலைக்கு வந்தார், எத்தனை நாள் வந்தார் என்பதெல்லாம் அதில் ஏறும். சம்பளம் அதை வைத்தே கணக்கிடப்படும். அதில் எழுதக் கிராணிக்கு உரிமை. பார்வையிடத் துரைக்கு உரிமை. யாருடைய அடுப்பு அந்தப் புத்தகத்தை நம்பி எரிந்ததோ, அந்தத் தொழிலாளிக்கு அதைத் திறந்து பார்க்கும் வாய்ப்புப் பெரும்பாலும் கிடைத்ததில்லை.

கணினியிலும் இதே கேள்விகள்தாம். ஒரு கோப்பைப் படிக்கலாமா? எழுதலாமா? அது ஒரு செயலியானால் அதை இயக்கலாமா? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ் என்ற இயங்குதளம் இதைச் சுருக்கமாக வகுத்தது. கோப்புக்கு உடையவர் ஒருவர், அவரைச் சேர்ந்த குழு ஒன்று, பிறகு மற்றவர்கள். இந்த மூன்று தரப்பினருக்கும் மேற்சொன்ன மூன்று உரிமைகளைத் தனித்தனியே கொடுக்கலாம் அல்லது மறுக்கலாம்.

உங்கள் பிள்ளை லினக்ஸ் கணினியில் 640 போன்ற எண்ணை எழுதுவதைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிப் பாருங்கள். முதல் எண் 6. உடையவர் படிக்கலாம், எழுதலாம். அடுத்தது 4, குழுவினர் படிக்க மட்டும். கடைசி எண் 0, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆப்பிள் மேக் கணினிகளின் அடிப்படையும் இந்த யூனிக்ஸ் வழிதான்.

நம் வீடுகளில் மிகுதியாக இருப்பது விண்டோஸ். விண்டோஸ் 95, 98 ஓடிய காலத்தில் வீட்டுக் கணினியில் இத்தகைய பூட்டே கிடையாது. அலுவலகங்களுக்கென 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யில்தான் கோப்புக்குக் கோப்பு அனுமதி வைக்கும் முறை வந்தது. 2001-இல் வந்த எக்ஸ்.பி. வழியாக அது வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது முழுமையாக இருக்கிறது. நாம்தான் பயன்படுத்துவதில்லை.

முதல் வேலை: ஆளுக்கொரு கணக்கு

பூட்டுப் போடுவதற்கு முன், யார் யார் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் அது எப்படி வேறுபாடு காணும்? ஆகவே வீட்டில் கணினியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குத் தொடங்குங்கள்.

‘செட்டிங்ஸ்’ திறந்து ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 11-இல் ‘அதர் யூசர்ஸ்’ என்றும், விண்டோஸ் 10-இல் ‘பேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்’ என்றும் இருக்கும். அங்கே புதிய கணக்கைச் சேர்க்கலாம். மின்னஞ்சல் முகவரி இல்லாதவருக்கும் கணக்கு வைக்கலாம். இவருடைய விவரம் தன்னிடம் இல்லை என்று சொல்லும் வரியைத் தட்டி, அடுத்து மைக்ரோசாப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியைத் தட்டினால் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்கும்.

கணக்குகள் இரண்டு வகை. ‘ஸ்டாண்டர்ட்’ என்பது சாதாரணக் கணக்கு. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பது நிர்வாகிக் கணக்கு. எல்லாருக்கும் சாதாரணக் கணக்கே போதும். நிர்வாகிக் கணக்கு தனியாக ஒன்று இருக்கட்டும். அதன் கடவுச்சொல் பெற்றோரில் ஒருவருக்கும், கணினி நன்கு தெரிந்த மூத்த பிள்ளைக்கும் தெரிந்தால் போதும். அவர்களும் அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கிலேயே செய்யட்டும். புதிய செயலியைப் பதிவதுபோல் கணினி முழுவதையும் தொடும் வேலை வரும்போது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கணினியே கேட்கும்.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. கெட்ட செயலி ஒன்று தவறிப்போய் உள்ளே வந்தால், அதைத் திறந்தவருக்கு என்ன உரிமையோ அந்த உரிமையில்தான் அது பொதுவாக வேலை செய்யும். சாதாரணக் கணக்கில் திறந்தால் சேதம் பெரும்பாலும் அந்த ஒருவரோடு நிற்கும். நிர்வாகிக் கணக்கில் திறந்தாலோ வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும். ‘எனக்கு எதற்கு? பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்கிறார்களே’ என்று ஒதுங்கிவிடாதீர்கள். சங்கக் கணக்கு, கோயில் வசூல், ஊரில் உள்ள தங்கையின் படங்கள், உங்களுக்கென்று சில இருக்கத்தானே செய்யும்? கோப்புறைக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 1980களிலேயே முத்து நெடுமாறன் முரசு என்ற மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். அது நம் மலேசிய மண்ணில் நடந்தது.

மூன்று இடங்கள்

கணக்குகள் தயாரா? இனி வீட்டின் கோப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, அவரவர் இடம். ஒவ்வொரு கணக்குக்கும் ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ என்று தனிக் கோப்புறைகள் தாமாகவே வந்துவிடும். ஒருவருடையதை இன்னொரு சாதாரணக் கணக்கால் திறக்க முடியாது. இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இரண்டாவது, பொது இடம். ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் ‘பப்ளிக்’ என்று ஒன்று இருக்கும். இது வீட்டுத் திண்ணை போன்றது. எல்லாரும் வரலாம், வைக்கலாம், எடுக்கலாம். பாட்டும் படமும் இங்கே இருக்கட்டும். தொலைந்தால் அழக்கூடிய எதையும் திண்ணையில் வைக்காதீர்கள்.

மூன்றாவது, குடும்பப் பத்திரங்கள். இதுதான் புதிய தகரப் பெட்டி. எல்லாரும் பார்க்கலாம், ஒருவர் மட்டுமே மாற்றலாம். செய்முறை இதோ:

1. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, ‘சி’ டிரைவில் ‘குடும்பப் பத்திரங்கள்’ என்று ஒரு கோப்புறை திறவுங்கள்.

2. அதன்மேல் மௌசின் வலப் பொத்தானை அழுத்தி ‘பிராபர்ட்டீஸ்’, அதில் ‘செக்யூரிட்டி’, அதில் ‘அட்வான்ஸ்ட்’ என்று போங்கள்.

3. மேல்கோப்புறையின் அனுமதி தானாக இறங்கி வருவதை நிறுத்த ‘டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். இரண்டு வழிகள் காட்டும். இருக்கும் அனுமதிகளை வைத்துக்கொள்ளும் வழியை, அதாவது ‘கன்வர்ட்’ என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள்.

4. பட்டியலில் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்ற பெயரை நீக்குங்கள். கணினியில் நுழையும் எவரும் மாற்றலாம் என்ற உரிமை அதில்தான் இருக்கிறது. ‘யூசர்ஸ்’ என்பது இருக்கட்டும். அதற்குப் படிக்கும் உரிமை மட்டுமே. ‘சிஸ்டம்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இரண்டையும் தொட வேண்டாம்.

5. பத்திரங்களுக்குப் பொறுப்பானவரின் கணக்கை ‘ஆட்’ மூலம் சேர்த்து ‘மாடிஃபை’ உரிமை கொடுங்கள். முடிந்தது.

உரிமைகளின் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘ரீட்’ என்றால் பார்க்கலாம். ‘ரைட்’ என்றால் புதிதாகப் போடலாம், உள்ளதில் எழுதலாம். ‘மாடிஃபை’ என்றால் அழிக்கவும் செய்யலாம். ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்றால் அனுமதியையே மாற்றி அமைக்கலாம். கடைசி உரிமையை யாருக்கும் எளிதில் கொடுக்காதீர்கள்.

செய்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். சின்னவனின் கணக்கில் நுழைந்து ஒரு பத்திரத்தைத் திறந்தால் திறக்க வேண்டும். அழிக்கப் பார்த்தால் கணினி மறுக்க வேண்டும்.

எங்கே இடறும்?

‘டினை’ என்ற மறுப்புக் கட்டத்தைக் கண்டதும் ஆர்வத்தோடு தட்டிவிடாதீர்கள். பொதுவாக ஒரே கோப்புறையில் ஒருவருக்கு அனுமதியும் மறுப்பும் சேர்ந்து இருந்தால் மறுப்பே வெல்லும். எல்லாரையும் குறிக்கும் ‘எவ்ரிஒன்’ பெயருக்கு மறுப்பு வைத்தால், அந்த எல்லாரில் நீங்களும் ஒருவர்! அனுமதி கொடுக்காமல் விட்டாலே போதும்; தனியாக மறுக்கத் தேவையில்லை. ‘விண்டோஸ்’, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற கோப்புறைகளின் அனுமதியையும் மாற்றாதீர்கள். கணினி ஓடாமல் போகலாம்.

‘ரீட் ஒன்லி’, ‘ஹிட்டன்’ என்ற சிறு கட்டங்களைத் தட்டிவிட்டுப் பூட்டிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. அவை பூட்டல்ல. அந்தக் கோப்பில் எழுத உரிமை உள்ள எவரும் அந்தக் குறியை எடுத்துவிடலாம். கதவைச் சாத்தியதற்கும் பூட்டியதற்கும் உள்ள வேறுபாடு அது.

கணினி பழுதாகி விண்டோசை முழுதும் அழித்துப் புதிதாகப் பதித்த பிறகு, வேறொரு டிரைவில் பத்திரமாக இருந்த உங்கள் சொந்தக் கோப்புறையே ‘அனுமதி இல்லை’ என்று விரட்டுவதுண்டு. பெயர் அதே பெயர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருக்கலாம். அடையாளக் கார்டின் 12 இலக்க எண் ஆளுக்கு ஆள் வேறு அல்லவா? கணினியும் ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளுக்குள் ஒரு தனி எண் கொடுக்கிறது. புதிதாகப் பதித்ததும் பழைய பெயருக்குப் புதிய எண் வந்துவிடுகிறது. பழைய பூட்டு அதை அறியாது. பதற வேண்டாம். நிர்வாகிக் கணக்கிலிருந்து அதே ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்தில் ‘ஓனர்’ என்ற இடத்தில் புதிய கணக்கை உடையவராக மாற்றி, பிறகு அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

கோப்பை ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போடும்போது சில வேளை பழைய அனுமதியும் கூடவே வந்துவிடும். நகலெடுத்து ஒட்டினால் புதிய இடத்தின் அனுமதியை அது ஏற்றுக்கொள்ளும். பத்திரங்களை நகலெடுத்து ஒட்டுவதே நல்லது.

‘பெண் பிள்ளைக்கு எதற்குப் பூட்டு?’

இந்தக் கேள்வி நம் வீடுகளில் எழத்தான் செய்யும். மகள் தன் கணக்குக்குக் கடவுச்சொல் வைத்தால், ‘என்ன ஒளிக்கிறாள்?’ என்று கேட்கும் அப்பாக்களும் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். மகன் வைத்தால் அதே கேள்வியைக் கேட்கிறோமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் நினைத்தால், மற்றவர்களின் கோப்புறையை உரிமை மாற்றித் திறந்துவிட முடியும். ஆகவே நிர்வாகி என்பது வெறும் தொழில்நுட்பப் பதவி அல்ல, நம்பிக்கைப் பதவி. சிறு பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் பார்க்க வேண்டியது கடமை. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வளர்ந்த பிள்ளையின் கணக்கைத் திருட்டுத்தனமாகத் திறப்பதோ, அவள் எழுதிய கடிதத்தை அவள் அறியாமல் படிப்பதோ வேறு. அது காவல் அல்ல, வேவு.

சாவி முழுவதும் ஒருவர் கையில் இருந்து, மற்றவர்கள் கேட்டு நிற்கும் ஏற்பாட்டை நம் மக்கள் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். தம் பெயர் எழுதிய புத்தகத்தையே திறந்து பார்க்க முடியாதிருந்தவர்கள். அதே ஏற்பாட்டை நம் வீட்டுக்குள் நாமே கொண்டுவரலாமா? யாருக்கு எந்த உரிமை, ஏன் அந்த உரிமை என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி வகுத்தால், பூட்டு சந்தேகத்தின் அடையாளமாகாது, மதிப்பின் அடையாளமாகும். படிக்கும் பெண்ணுக்குத் தன் எழுத்தை யாரும் கலைக்கமாட்டார்கள் என்ற நிம்மதி வேண்டும். அவள் விண்ணப்பம் ஒன்று அழிந்துபோனால், அதோடு அவளுடைய ஓராண்டும் போய்விடலாம்.

பூட்டுக்கும் எல்லை உண்டு

அனுமதி வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

பென்டிரைவுகள் பெரும்பாலும் இத்தகைய அனுமதியைச் சுமக்காத அமைப்பில் இருப்பவை. கோப்பை அதில் ஏற்றியவுடன் பூட்டு கழன்றுவிடும். பத்திரங்கள் உள்ள பென்டிரைவைப் பணப்பை போல் காக்க வேண்டும்.

கணினியின் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் இந்த அனுமதிகளை மீறிவிட முடியும். மறையாக்கம் செய்த வட்டுதான் அதற்கும் தாங்கும். ஆகவே பழுது பார்க்கக் கடைக்குக் கொடுக்குமுன் மிக முக்கியமானவற்றை வெளியே எடுத்து வையுங்கள். பழைய கணினி வாங்கினால் முழுமையாக அழித்துப் புதிதாக அமைத்த பிறகே பயன்படுத்துங்கள். விற்கும்போதும் அப்படியே.

கடைசியாக, வட்டு கெட்டுப்போவதையோ வெள்ளத்தையோ எந்த அனுமதியும் தடுக்காது. 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது மேசை, கட்டில், மின்சாதனம் என்று பார்த்தா வந்தது? குடும்பப் பத்திரங்களின் நகல் ஒன்று வேறு வட்டில், முடிந்தால் வேறு வீட்டில் இருக்கட்டும். மூலப் பத்திரங்கள் தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும். நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிட்டு, அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தெரிந்தவர் இருவரும் இல்லாத நாளில் அது கைகொடுக்கும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதலில் கணக்குகளைத் தொடங்குங்கள். பிறகு பத்திரங்களுக்குப் பூட்டுப் போடுங்கள். கணினி தெரிந்த பிள்ளை பொத்தானை அழுத்தட்டும். எந்தச் சாவி யாருக்கு என்பதை வீடு முழுவதும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதல்லவா நல்லது?